எந்த ஊர் என்று கேட்டால் கதை சொல்கிறவர்கள்: புலம்பெயர் இலக்கியம் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

மதுரையில் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, ‘எந்தூரு?’ திருமங்கலம் பக்கம் என்று சொன்னால் விடமாட்டார்கள். ‘பக்கம்னா எது?’ ஊர்ப் பெயரைச் சொன்னதும், ‘அங்க யாரு வீடு?’ மூன்றாவது கேள்வி முடிவதற்குள் நம் தாத்தா, அவர் பார்த்த தொழில், வாய்விட்டுக் கேட்காமலே சாதி வரைக்கும் கணக்குப் போட்டிருப்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அது விசாரணைதான்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத ஆட்கள் உண்டு. தாத்தாவுக்கு ஊர் மேலூர்ப் பக்கம். அப்பா பிறந்தது இலங்கை மலைத்தோட்டத்தில். தான் வளர்ந்தது கொழும்பில். பிள்ளைகள் படிப்பது டொரண்டோவில். இவரிடம் ‘எந்தூரு?’ என்று கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் உட்காரவைத்து முழுக்கதையும் சொல்ல வேண்டும். அப்படி உட்காரவைத்துச் சொன்ன கதைகளையும் கவிதைகளையும்தான் புலம்பெயர் இலக்கியம் என்கிறோம்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இது ‘டயஸ்போரா’ என்ற பெயரில், ஆய்வேட்டுத் தலைப்பாக அறிமுகம் ஆகியிருக்கும். அந்த வாசல் வழியாகப் போனால் சீக்கிரம் அலுப்புத் தட்டிவிடும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். புலம்பெயர் எழுத்தில் ‘அடையாளம், அடையாளம்’ என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது பெரும்பாலும் எழுதுகிறவர் தானாகச் சூடிக்கொண்டது கிடையாது. வேறு யாரோ கேட்ட ‘நீ யார்?’ என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது. ஆகவே புத்தகத்தைத் திறந்ததும், யார் கேட்கிறார்கள், பதில் எந்த மொழியில் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தால் பாதி புரிந்துவிடும்.

இதற்கு மதுரைக்காரர்கள் உதாரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் பாண்டியன் கண்ணகியைப் பார்த்துக் கேட்பது அந்தக் கேள்விதான்: ‘யாரையோ நீ மடக்கொடியோய்’. அவள் பதில் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஊர். அதுவும் வெறும் பெயராக வரவில்லை. புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். அப்புறம் மாமனார் குடும்பம். அப்புறம் கணவன், ‘வாழ்தல் வேண்டி ஊழ்வினை துரப்ப’ இந்த நகருக்குள் நுழைந்தவன், உன்னால் கொலைப்பட்டவன். கடைசியில்தான் ‘கண்ணகி என்பதென் பெயரே’. பிழைக்க வழி தேடி அடுத்த நாட்டுத் தலைநகருக்கு வந்த ஒரு பெண், அதிகாரத்தின் முன் நின்று தன்னை விளக்கும் காட்சி இது. நம் ஊரில் கண்ணகி என்றால் கற்பு என்று ஆரம்பித்துப் பட்டிமன்றம் வைத்துவிடுவோம். அவள் வெளியூர்க்காரி என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

மதுரை வந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட ஊரும்கூட. மஹால் பக்கத்துத் தெருக்களில் சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையாக இருக்கின்றன. சுங்குடிச் சேலை அவர்கள் கைவேலை. டி.எம். சௌந்தரராஜன் அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வந்தவர். கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராமும் அதே சமூகம்தான், தமிழில் எழுதி 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இவர்களை யாரும் புலம்பெயர் எழுத்தாளர், புலம்பெயர் பாடகர் என்று சொல்வதில்லை. எத்தனை தலைமுறை கழிந்தால் வந்தவர் உள்ளூர்க்காரர் ஆவார் என்பதற்கு எந்தக் கோட்பாட்டு நூலிலும் கணக்கு இல்லை.

சரி, இங்கிருந்து போனவர்கள்? அதற்கு ப. சிங்காரத்திடம் போக வேண்டும். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரை அங்கேயே பார்த்தார். போர் முடிந்து திரும்பி வந்து மதுரையில் நாளிதழ் வேலையில் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறை ஒன்றிலேயே பல பத்தாண்டுகள் தனியாக வாழ்ந்து 1997இல் இறந்தார். எழுதியது இரண்டே நாவல். ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் பரிசு பெற்றது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் புத்தகமானது.

இரண்டாவது நாவலின் நாயகன் பாண்டியன் மெடானில் நின்றுகொண்டு மதுரையை நினைக்கும் பக்கங்கள் உண்டு. தெருத் தெருவாக, கடை கடையாக, ஆள் ஆளாக வந்துகொண்டே இருக்கும். ஊரில் இருக்கிற எவனும் தன் ஊரை இப்படி வரிசையாக நினைத்துப் பார்ப்பதில்லை. கண்முன் இல்லாததால்தான் அத்தனை துல்லியம். ஆனால் சிங்காரம் அதோடு கண்ணீர் விட்டு உட்கார்ந்துவிடுகிறவர் இல்லை. பினாங்கில் நண்பர்கள் கூடித் தமிழன் பெருமை பேச ஆரம்பித்தால் பாண்டியன் அதைக் குத்திக் கிழித்துத் தொங்கவிடுவான். ஊரை நினைத்து உருகுகிற அதே ஆள்தான் ஊர்ப் பெருமையைக் கேலி செய்கிறான். வட்டிக்கடைச் செட்டியார்கள், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அந்தக் கடைப் பேச்சும், நடுநடுவே மலாய்ச் சொற்களும் கலந்து வருகிற நடை அது. திரும்பி வந்துவிட்டதால் சிங்காரத்தைப் புலம்பெயர் எழுத்தாளர் பட்டியலில் சேர்க்கச் சிலர் தயங்குவார்கள். என்னைக் கேட்டால் பட்டியலே அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

யார் எதற்காகப் போனார்கள் என்பதைப் பொறுத்து எழுத்தின் குணமே மாறும். வட்டித் தொழிலுக்குப் போனவன் திரும்பும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு போனான். படிப்புக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் அமெரிக்கா போனவர்களின் கதைகளில் குற்ற உணர்வு அதிகம், பயம் குறைவு. போருக்குத் தப்பிப் போனவர்களின் கதைகளில் இரண்டுமே அதிகம். வளைகுடாவுக்குப் போனவர்கள் எத்தனை வருஷம் இருந்தாலும் அங்கே குடியுரிமை எதிர்பார்க்க முடியாது. அந்த வாழ்க்கையை மலையாளத்தில் பென்யாமின் ‘ஆடுஜீவித’மாக 2008இல் எழுதினார். சிவகங்கை, ராமநாதபுரம், மேலூர்ப் பக்கமெல்லாம் வளைகுடாப் பணத்தில் எழும்பாத தெரு இல்லை. அந்த அளவுக்கு ஒரு தமிழ் நாவல் அங்கிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கங்காணி முறையில், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்கள் வழியாகப் போனவர்களின் கதைதான் இதில் ரொம்பவும் சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போகப்பட்டவர்களின் வாரிசுகள்தான் மலையகத் தமிழர்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்டுச் சந்தையில் பங்கு பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள்.

அப்படி ‘திரும்பி’ வந்தவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் கொடைக்கானல் மலையிலும் இன்னும் பல இடங்களிலும் குடியேறினார்கள். இலங்கையில் அவர்களை ‘இந்தியாக்காரன்’ என்றார்கள். இங்கே வந்ததும் ‘சிலோன்காரன்’ என்றார்கள். இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் நிற்கிறவனின் கதையை நீங்கள் எந்த நாட்டு இலக்கியத்தில் சேர்ப்பீர்கள்? புலம்பெயர்ந்தவன் என்றால் எந்தப் புலத்திலிருந்து? கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இந்தப் பயணத்தின் முதல் பாதியைச் சொல்லும் நாவல். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கிளம்புவதில் தொடங்கும். பக்கத்து ஊர்க் கதையாக நினைத்தே படிக்கலாம்.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு போனவர்கள்தான் ‘புலம்பெயர் இலக்கியம்’ என்ற பெயரையே தமிழில் நிலைக்கவைத்தார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே, சுவிட்சர்லாந்து, கனடா என்று சிதறிப்போய், பகலில் உணவகத்தில் தட்டுக் கழுவிவிட்டு ராத்திரி பத்திரிகை நடத்தினார்கள். ‘தூண்டில்’, ‘சுவடுகள்’, ‘ஓசை’, ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’, ‘காலம்’ என்று எத்தனையோ சிற்றிதழ்கள். 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘இலக்கியச் சந்திப்பு’ பிறகு ஊர் ஊராகப் போனது. கட்சிகளும் இயக்கங்களும் பேசவிடாத விஷயங்களைப் பேச அவர்களுக்கு இருந்த ஒரே கூடம் அதுதான்.

இப்போது ‘நீ யார்?’ என்று கேட்பவர் யார் என்பதற்கு வருவோம்.

பிரான்ஸில் வாழும் ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவலைத் திறந்தால் முதலில் கையில் கிடைப்பது கதை மாதிரியே இருக்காது. பிரெஞ்சு அதிகாரிகளுக்கு ஒரு அகதி எழுதும் மனு. இன்ன தேதியில் பிறந்தேன், இன்னார் பிடித்தார்கள், இன்ன இடத்தில் அடித்தார்கள், ஆகவே தஞ்சம் தாருங்கள். வாழ்க்கையில் பட்ட அடியை நிரூபிக்கத் தேதி வரிசை வேண்டும், காயத்துக்குச் சான்று வேண்டும், முன்பு சொன்னதுக்கும் இப்போது சொன்னதுக்கும் முரண் இருக்கக் கூடாது. நினைவு அப்படி வேலை செய்யுமா? செய்யாது. மனுவில் அடங்காத மிச்சம் எல்லாம் நாவலாக விரிகிறது. அதிகாரிக்கு எழுதிய பதிலும் வாசகனுக்கு எழுதிய பதிலும் ஒரே அட்டைக்குள் இருப்பதுதான் அந்தப் புத்தகத்தின் சாமர்த்தியம்.

ஷோபாசக்தியே நாயகனாக நடித்து, 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய ‘தீபன்’ படத்திலும் இதே கேள்விதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஒரு ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி மூவரும் இறந்துபோனவர்களின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமாக பிரான்ஸுக்குள் நுழைகிறார்கள். நடிக்க ஆரம்பித்த குடும்பம் மெல்ல மெல்ல நிஜக் குடும்பமாக மாறப் பார்க்கிறது.

கேட்பவர் எப்போதும் வெள்ளைக்காரராக இருக்க வேண்டியதில்லை. மின் ஜின் லீ என்ற கொரிய அமெரிக்க எழுத்தாளரின் ‘பச்சின்கோ’ 2017இல் வந்தது. ஜப்பானில் வாழும் கொரியக் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. அதில் சாலமன் என்ற பையனுக்குப் பதினான்காவது பிறந்தநாள் வருகிறது. ஜப்பானில் பிறந்தவன், ஜப்பானிய மொழி பேசுகிறவன். அன்றைக்கு அவன் போக வேண்டிய இடம் அரசு அலுவலகம். அந்நியர் பதிவுக்காகக் கைரேகை வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேக், பாட்டு, விருந்து எல்லாம்.

அந்த இடத்தைப் படிக்கும்போது ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஞாபகம் வராமல் இருக்காது. மதுரை மாவட்டத்திலேயே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்கள் அவை. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘மறுவாழ்வு முகாம்’ என்று வைத்தார்கள். அங்கே பிறந்து, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படித்து, அசல் மதுரைப் பேச்சுப் பேசும் பிள்ளைகளும் கணக்கெடுப்புக்கு வருகிற அதிகாரியின் பதிவேட்டில் வேறு நாட்டுக்காரர்கள்தான். முகாம் வாழ்க்கையை உள்ளேயிருந்து எழுதியவர்களில் தொ. பத்தினாதன் முக்கியமானவர். ‘போரின் மறுபக்கம்’ என்ற அவருடைய புத்தகத்தில் அலங்காரம் இருக்காது. டொரண்டோவையும் பாரிஸையும் படிக்கும் நம்மவர்கள் பக்கத்து முகாமைப் படிப்பதில்லை என்பது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

அடுத்து, பெயர். அமெரிக்காவில் வளர்ந்த வங்காளி எழுத்தாளர் ஜும்பா லாஹிரி ‘தி நேம்சேக்’ என்று 2003இல் ஒரு நாவல் எழுதினார். குழந்தைக்கு அம்மாவின் பாட்டி வைக்கும் பெயர் கொல்கத்தாவிலிருந்து கடிதத்தில் வர வேண்டும். கடிதம் வந்து சேரவே இல்லை. அமெரிக்க ஆஸ்பத்திரியிலோ பெயர் எழுதாமல் குழந்தையை அனுப்பமாட்டோம் என்கிறார்கள். அவசரத்துக்கு அப்பா தனக்குப் பிடித்த ருஷ்ய எழுத்தாளரின் பெயரை, ‘கோகோல்’ என்று, சொல்லிவிடுகிறார். அந்தப் பையன் வளர்ந்து அந்தப் பெயரோடு படும் பாடுதான் நாவல்.

நமக்கு இது தொலைவான கதை இல்லை. வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்பது மதுரைப் பக்கத்தில் சாதாரணம். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட் படிவத்தில் அந்தக் கட்டம் வந்ததும் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். முத்துக்கருப்பன் மகன் பாண்டியராஜன் வெளிநாட்டு ஆபீசுக்குப் போனதும் ‘மிஸ்டர் முத்துக்கருப்பன்’ ஆகிவிடுகிறார். ஊரில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சண்டை வந்துவிடும், அங்கே நாள் முழுக்க அப்பா பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவருடைய பிள்ளைக்கு எந்தப் பெயர் பின்னால் போகும் என்பதில் வீட்டுக்குள் ஒரு விவாதம் நடக்கும். இதை வைத்தே ஒரு நல்ல சிறுகதை எழுதலாம். யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

வியட்நாமில் 1988இல் பிறந்து சின்னக் குழந்தையாக அமெரிக்கா போன ஓஷன் வாங் கவிஞர். 2016இல் வந்த முதல் பெரிய கவிதைத் தொகுப்புக்கே டி.எஸ். எலியட் பரிசு கிடைத்தது. 2019இல் ஒரு நாவல் எழுதினார். அதில் வருகிற பையனை வீட்டில் ‘குட்டி நாய்’ என்று கூப்பிடுகிறார்கள். நல்ல பெயர் வைத்தால் கெட்ட ஆவி தூக்கிப்போய்விடும், மட்டமான பெயர் என்றால் சீண்டாது என்பது பாட்டியின் நம்பிக்கை. இதை ஒரு அமெரிக்க வாசகருக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டும். பிச்சை, குப்பம்மாள் என்ற பெயர்களை வீட்டில் வைத்திருக்கும் நமக்கு வேண்டியதில்லை. முந்தின பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது நிற்கட்டும் என்று வைக்கும் பெயர்கள் அவை. ஆசியப் புலம்பெயர் எழுத்தைத் தமிழ் வாசகர் படிப்பதில் இப்படி ஒரு கொடுப்பினை உண்டு. எந்த நாட்டுக் கதையானாலும் நடுவில் எங்காவது நம் வீட்டுப் பாட்டி வந்துவிடுவார்.

வாங்கின் அந்த நாவலே அம்மாவுக்கு மகன் எழுதும் கடிதம். அம்மா நகப்பூச்சு நிலையத்தில் வேலை பார்க்கிறவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர். அவர் படிக்கவே முடியாத மொழியில் அவருக்கே கடிதம். படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் சில உண்மைகளை அதில் எழுத முடிகிறது. மொழி பற்றிய விஷயம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. பெற்றோர் மொழியில் எழுதினால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள், பிள்ளைகள் மொழியில் எழுதினால் பெற்றோர் படிக்கமாட்டார்கள்.

ஈழத் தமிழர்களில் இந்தப் பிளவு நன்றாகத் தெரியும். அ. முத்துலிங்கம் 1937இல் கொக்குவிலில் பிறந்தவர், ஐ.நா. வேலையில் பல நாடுகளைச் சுற்றிவிட்டுக் கனடாவில் இருக்கிறார். ஆப்பிரிக்கா, பாகிஸ்தான், கனடா எதைப் பற்றி எழுதினாலும் தமிழில்தான் எழுதுகிறார், அதுவும் சிரிக்கச் சிரிக்க. அகதி என்றால் அழுகை என்று நினைத்திருப்பவர்களுக்கு நல்ல மருந்து. ஷியாம் செல்வதுரை, அமெரிக்காவில் வளர்ந்த வி.வி. கணேசானந்தன், ஆஸ்திரேலியாவின் சங்கரி சந்திரன் ஆகியோர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ 2024இல் பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசையும், சங்கரி சந்திரனின் சிட்னி முதியோர் இல்லத்து நாவல் 2023இல் ஆஸ்திரேலியாவின் மைல்ஸ் ஃபிராங்க்ளின் பரிசையும் வாங்கின. யாழ்ப்பாணத்து வீட்டுச் சண்டை, சாப்பாடு, சாவு எல்லாம் அதில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர்கள் படிக்க வேண்டுமானால் மொழிபெயர்ப்பு வர வேண்டும்.

கவிதை இதையெல்லாம் வேறு மாதிரி செய்கிறது. நாவலுக்கு விசா, தேதி, விமான டிக்கெட் எல்லாம் வேண்டும். கவிதைக்கு ஒரு அசைவு போதும். உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டிக் காட்டுகிறேன், பெரிய கவிதை என்று நினைக்க வேண்டாம்:

பனி அள்ளச் சொல்லி
மம்பட்டி ஒன்றைத் தந்தார்கள்.
குனிந்ததும் கை
தானாக மடை தேடுகிறது.

இதில் ஊர்ப் பெயர் இல்லை, ஏக்கம் என்ற சொல்லும் இல்லை. மேலூர்ப் பக்கத்து வயலில் தண்ணீர் கட்டிப் பழகிய ஒருவர் கனடாவிலோ நோர்வேயிலோ வாசலில் நிற்கிறார் என்று நாமே சேர்த்துக்கொள்கிறோம். பனி அள்ளுகிற கருவியை முன்னால் தள்ள வேண்டும். மம்பட்டியை நம் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டையும் பிடித்துப் பார்த்தவருக்கு அந்தக் கை எந்த இடத்தில் தடுமாறும் என்று தெரியும். அவர் யார் என்பதை அவர் வாய் சொல்லும் முன்னால் உடம்பு சொல்லிவிட்டது. நல்ல புலம்பெயர் கவிதைகளில் இந்த மாதிரி ஒரு தடுமாற்றத்தைத் தேடுங்கள்.

சேரனின் கவிதைகளில் இது நிறையக் கிடைக்கும். கவிஞர் மஹாகவியின் மகன், யாழ்ப்பாணம் அளவெட்டிக்காரர், இப்போது கனடாவில். 1981இல் யாழ்ப்பாணம் எரிக்கப்பட்டபோது எழுதிய ‘இரண்டாவது சூரிய உதயம்’ அவரைப் பரவலாகத் தெரியவைத்தது. பிறகு வந்த காதல் கவிதைகளில் சங்க அகப்பாட்டின் ஓசை, ரயில் நிலையங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் நடுவில் கேட்கும். காஷ்மீரிலிருந்து அமெரிக்கா போன ஆகா ஷாஹித் அலி இன்னொரு வழியைப் பிடித்தார். கஸல் என்ற உருதுக் கவிதை வடிவத்தின் கறாரான விதிகளை ஆங்கிலத்துக்குள் பிடிவாதமாகக் கொண்டுபோனார். சொல்லும் விஷயத்தை விட வடிவமே ‘நான் இங்கிருந்து வந்தவன்’ என்று காட்டிக்கொடுத்தது.

பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்று புலம்பெயர் கவிதையைப் பற்றிச் சொல்வதுண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர்களை வாட்டுவது குளிர் மட்டும் கிடையாது. குளிருக்குக் கோட் வாங்கிவிடலாம், வதிவிட அனுமதிக் கடிதத்தை வாங்க முடியாது. பாலைத் திணையில் வரும் பிரிவுதான் இவர்களுக்கு நெருக்கம் என்பேன்.

மதுரைக்காரர்கள் அறியாமலே பார்த்துப் பழகிய ஒரு புலம்பெயர் கவிஞர் உண்டு. ‘ஆடுகளம்’ படத்துப் பேட்டைக்காரன். சேவல் சண்டையில் ஊறிய அந்த அசல் மதுரைப் பெரியவராக நடித்த வ.ஐ.ச. ஜெயபாலன் நோர்வேயில் வாழும் ஈழக் கவிஞர். முகமும் நடையும் அவருடையது. குரல் ராதாரவியுடையது. வேட்டி, மீசை, சேவல் எல்லாம் மதுரைக்குப் பொருந்திவிட்டது, பேச்சை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருந்தது. அடையாளத்தில் எது ஒட்டும், எது ஒட்டாது என்று வகுப்பெடுப்பதை விட இந்தப் படத்தைப் போட்டுக் காட்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. புலம்பெயர்ந்தவர் எழுதியதெல்லாம் நல்ல எழுத்து என்று நினைத்துவிடக் கூடாது. மாம்பழம், மல்லிகைப்பூ, பாட்டியின் மசாலா டப்பா என்று வாசனையாக அடுக்கி வெளிநாட்டு வாசகருக்கு விற்கும் வகை ஒன்று இருக்கிறது. ஊரில் சாதி இருந்ததா, அது கூடவே விமானம் ஏறியதா என்று அந்தக் கதைகள் கேட்பதில்லை. ஷோபாசக்தி போன்றவர்கள் அதைக் கேட்டதால்தான் சொந்த ஆட்களிடமே திட்டு வாங்கினார்கள். வெளிநாட்டு அதிகாரி கேட்கும் ‘நீ யார்?’ ஒரு வகை. கல்யாணப் பேச்சில் சொந்தக்காரர் கேட்கும் ‘நீங்க யாரு?’ இன்னொரு வகை. இரண்டாவதற்கும் பதில் எழுதுகிறவரை நம்பிப் படிக்கலாம்.

எங்கே தொடங்குவது? முத்துலிங்கத்தின் ‘மகாராஜாவின் ரயில்வண்டி’ சிறுகதைத் தொகுப்பிலிருந்து என்பேன், இடறாமல் உள்ளே கூட்டிப்போகும். அப்புறம் ‘புயலிலே ஒரு தோணி’. அதன் முதல் சில பக்கங்களில் பெயர்களும் இடங்களும் மலைக்கவைக்கும், விடாமல் தாண்டிவிடுங்கள். பிறகு ‘கொரில்லா’. சயந்தனின் ‘ஆறாவடு’, தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’, பொ. கருணாகரமூர்த்தியின் ‘ஒரு அகதி உருவாகும் நேரம்’ எல்லாம் அதற்குப் பின்னால். ஈழத்துப் பேச்சு முதலில் பிடிபடாது. உள்ளுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படித்தால் பத்துப் பக்கத்தில் பழகிவிடும். ஆங்கிலம் ஓடுமென்றால் ‘தி நேம்சேக்’ எளிது, ‘பச்சின்கோ’ தடிமன் என்றாலும் வேகமாகப் போகும். வாங்கின் நாவலைக் கவிதை படிக்கிற மாதிரி மெதுவாகத்தான் படிக்க முடியும். கவிதைத் தொகுப்புகளை ஒரே இருப்பில் முடிக்க வேண்டாம், நாளைக்கு இரண்டு போதும்.

புத்தகத் திருவிழா சமயம் என்றால் மதுரை தமுக்கம் மைதானத்தில் சிற்றிதழ்க்காரர்கள், சின்னப் பதிப்பகங்கள் போட்டிருக்கும் மூலைக் கடைகளில் தேடுங்கள். மற்ற நாட்களில் புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கோட்பாட்டு நூல்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் போதும். ஒன்றுக்கு மட்டும் விலக்கு: விட்டுவந்த ஊரை எழுத்தாளன் நினைவிலிருந்து எப்படித் தானே உண்டாக்கிக்கொள்கிறான் என்பது பற்றி சல்மான் ருஷ்டி 1982இல் எழுதிய கட்டுரை. சின்னக் கட்டுரைதான், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.